ஹியூம் ஹைவேயில் கொளுத்திய கற்பூரம்

"யார் கொளுத்தினது?"

பொலிஸ்காரன் கேட்டது இவ்வளவுதான். இளம் பெடியன், வெயில் பட்டுச் சிவந்த முகம். கையில் எங்கள் இரண்டு பேரின்ர லைசென்ஸும் இருந்தது. அவனுக்குப் பின்னால் கருகின புல்லில் இருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்குள்ளேயும் கற்பூர வாசம் எனக்குத் தனியாகத் தெரிந்தது.

அவனுக்கு முன்னால் நின்றது நானும், என்னோடு லொறி ஓடின செந்திலும். கோல்பர்ன் தாண்டி சிட்னிப் பக்கம் வரும்போது, லொறிகள் நின்று ஆறுகிற ஒரு இடம் இருக்கு. அங்கேதான். பின்னேரம் மூன்று மணி இருக்கும்.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லப்பட்டது. அது பொய். அதே பொய்யை மூன்று கிழமைக்கு முதல், இந்தப் பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரிலும் எழுதிப்போட்டன். "செந்தில் கொளுத்தின கற்பூரத்தால் ஒருநாள் புல் பற்றிப் பொலிஸ் வந்தது" என்று போகிற போக்கில் ஒரு வரி. நீங்கள் வாசித்துவிட்டு மறந்திருப்பீங்கள். எனக்குத்தான் தொண்டையில் மீன்முள்ளு மாதிரி நிற்குது.

கொளுத்தினது நான்.

நான் கொப்பியில் கையால் எழுதுகிறதை ஒவ்வொரு கிழமையும் ரைப் அடிச்சு அனுப்புகிறவ என்ர மனுசி வசந்தி. அவவுக்கும் இந்த விஷயம் தெரியாது. மேலே இருக்கிற வரியை அடிக்கும்போதுதான் தெரியவரும். முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை. அதையும் இங்கேயே சொல்லிவைக்கிறன்.

மூன்று கோடு விழுந்த கல்

சிட்னியில் இருந்து மெல்பேர்ணுக்கு ஹியூம் ஹைவேயில் ஒரு முழு நாள் ஓட்டம். ஓல்பரியில் ஆற்றைத் தாண்டினால் மாநிலம் மாறும். றோட்டு மாறாது. அதே மஞ்சள் புல், அதே ஆடு, அதே பெட்ரோல் செட், அதே உப்புக் கூடின சிப்ஸ். எட்டு வருசம் ஓடினன். கண்ணை மூடினால் இப்பவும் வெள்ளைக்கோடு ஓடுது.

எங்கட லொறியில் இரண்டு பேர் மாறி மாறி ஓடுறது. செந்தில் நாமக்கல்லுக்காரன். அப்பா, சித்தப்பா, மாமன் எல்லாரும் லொறி. மகனாவது கொம்ப்யூட்டர் முன்னால் இருக்கட்டும் என்று படிக்க அனுப்பினவை. அவன் படிப்பையும் முடிச்சு, நிரந்தர விசாவும் எடுத்து, கடைசியில் போய் ஏறினது லொறியில். "எங்க சுத்துனாலும் நமக்கு ஸ்டீயரிங்தானுங்ணா" என்பான். என்னைவிடப் பதினைந்து வயசு குறைவு. வண்டி எடுக்க முதல் நாலு ரயருக்கும் எலுமிச்சம்பழம் வைப்பான். யார்ட்டில் நிற்கிற வெள்ளைக்காரர் முதலில் சிரிச்சவை. பிறகு ஒருத்தர் தன்ர வண்டிக்கும் வைக்கச் சொல்லிக் கேட்டார்.

எனக்கு எலுமிச்சம்பழம் பழக்கமில்லை. நான் முறிகண்டிக்காரன். அதாவது, இலங்கையில் யாழ்ப்பாணம் போகிற ஏ-நைன் வீதியில் வெங்காய லொறி ஓடினவன். அந்தப் பாதையில் எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போகாது. பஸ்ஸும் நிற்கும், ஆமி ஜீப்பும் நிற்கும். இறங்கி ஒரு கற்பூரம், ஒரு தேங்காய், பிறகுதான் கியர். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறினது. கடல் தாண்டி வந்தும் போகேல்லை.

ஹியூமில் பிள்ளையாருக்கு எங்கே போறது? இந்த ஆறுகிற இடத்தில்தான் அந்தக் கல்லைக் கண்டன். வேலி ஓரத்தில், ஒரு யூக்கலிப்டஸ் மரத்துக்குக் கீழே, பாதி மண்ணுக்குள் கிடந்தது. சதுரமாகக் கொத்தின கல். முகத்தில் உளி போன மூன்று கோடு, குறுக்காக, ஒன்றுக்குக் கீழே ஒன்று. திருநீறு பூசின நெற்றி தவிர வேறொன்றும் எனக்குத் தெரியேல்லை. அன்றைக்கு ஒரு தேங்காய் உடைச்சன். பிறகு எங்கட ஆக்கள் ஒவ்வொருத்தராய் அறிஞ்சு, மெல்பேர்ண் ஓடுகிற தமிழ் டிரைவர்மார் எல்லாருமே அங்கே நிற்கத் தொடங்கிவிட்டினம். ஒருநாள் போனால் யாரோ சந்தனம் வைச்சிருந்தினம்.

உளி பிடிச்சவன்

அந்தக் கல்லை உண்மையில் கொத்தினது யார் என்று செந்தில்தான் கண்டுபிடிச்சான். நான் தூங்குகிற நேரத்தில் அங்கே நாட்டியிருக்கிற தகவல் பலகையை முழுக்க வாசிச்சிருக்கிறான்.

வெள்ளைக்காரன் இந்த நாட்டுக்கு வந்த புதுசில், தெற்கே நிலம் தேடிப்போக ஒரு பாதை தேவைப்பட்டது. அந்த மண்ணின் ஆதிக்குடிகள் காலகாலமாக நடந்த தடங்கள் இருந்தது. அதை யாரும் அவையிட்டைக் கேட்டு எடுக்கேல்லை. பிறகு றோட்டுப் போட இங்கிலாந்தில் இருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கின கைதிகளை விட்டாங்கள். ஆடு களவெடுத்தவன், துணி களவெடுத்தவன் என்று எல்லாரும் ஏழைச் சனம். காலில் விலங்கோடு கல் உடைச்சுப் பாலம் கட்டினவங்கள். பக்கத்தில் ஒரு பழைய கற்பாலம் இன்னும் நிற்குது. எங்கட பிள்ளையார் அதுக்குக் கொத்தி மிஞ்சின கல்லாக இருக்க வேணும்.

எங்கட ஏ-நைனும் அப்படித்தான். தன்ர பட்டாளம் நடக்கவும் கோப்பித் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவரவும் வெள்ளைக்காரன் போட்ட வடக்குப் பாதை. தமிழ்நாட்டில் இருந்து மன்னாரில் வந்து இறங்கின தோட்டத் தொழிலாளர் அந்தப் பாதையால்தான் காட்டுக்குள்ளால் மலைநாட்டுக்கு நடந்தவை. வழியில் காய்ச்சலில் விழுந்த சனத்துக்குக் கல்லும் இல்லை, பலகையும் இல்லை. செந்திலுக்கு இது புதுசு. "எங்கூரு ஆளுங்க உங்க ரோட்டுல செத்திருக்காங்களா?" என்று கேட்டான்.

பிறகு அவனே கதையை மாத்தினான். "அண்ணா, அந்த போர்டுல இன்னொண்ணு போட்டிருக்கு. கைதிங்க ஒழுங்கா இருந்தா ஒரு சீட்டு குடுப்பாங்களாம். அத வச்சுட்டு வெளிய வேலை பாக்கலாம். ஆனா சொன்ன ஊர விட்டு போகக்கூடாது, அப்பப்ப போயி பேரு குடுக்கணும். ஏதாவது தப்பு பண்ணுனா சீட்ட புடுங்கிருவாங்களாம்."

"சரி, அதுக்கென்ன?"

"உங்க விசாவேதானுங்ணா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரேல்லை. நானும் கப்பலில் வந்தவன்தான், என்ன, என்ர கப்பல் ஒரு மீன்பிடிப் படகு. எனக்குத் தந்ததும் தவணை போட்ட ஒரு சீட்டுத்தான். அது கையில் இருக்கும்வரை மனுசி பிள்ளையைக் கூப்பிட ஏலாது. ஊரைவிட்டு வெளிக்கிடும்போது மகளுக்குப் பல்லு முளைக்கேல்லை. இந்தக் கதை நடந்த நேரம் அவள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. நான் போனில் வளர்த்த பிள்ளை.

அன்றைய காற்று

என்னைப் போல ஆக்கள் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒருவழியாகச் சட்டம் வந்தது. நானும் போட்டன். போட்டுவிட்டுக் காத்திருந்தன். எங்கட சனத்துக்குள் ஒரே பேச்சு: பொலிஸ் கேஸ், கோர்ட்டுக் கேஸ் என்று ஒரு துரும்பும் இருக்கக்கூடாது. லைட் சிவப்பாகிறதைக் கண்டால் நான் நூறு யார் முன்னாலேயே பிரேக்கில் கால் வைப்பன்.

அன்று காலையில் மெல்பேர்ணில் சாமான் ஏத்திக்கொண்டு நிற்க, போனில் ஈமெயில் வந்தது. மெடிக்கல் எடுக்கச் சொல்லி. மெடிக்கல் கேட்டால் காரியம் முடியப்போகுது என்று எல்லாரும் சொல்லுவினம். எனக்குக் கால் நிலத்தில் நிற்கேல்லை. வடக்கே திரும்பும்போது பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்துறதென்று அந்த இடத்திலேயே நேர்ந்தன்.

அன்றைக்குச் சரியான வெக்கை. மேற்கால் இருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரிக் காற்று. றோட்டோரத்தில் தீ அபாயம் காட்டுகிற அரைவட்டப் பலகை இருக்கும் தெரியுமே, அதில் முள்ளு கடைசிச் சிவப்பில் நின்றது. வெளியில் எங்கேயும் நெருப்பு மூட்டக்கூடாது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே வந்தாங்கள்.

இறங்கினன். தேங்காய் உடைச்சன். சட்டைப்பைக்குள் இருந்து கற்பூரப் பெட்டியை எடுக்கச் செந்தில் சொன்னான், "அண்ணா, இன்னிக்கு ஃபயர் பேன் போட்டிருக்காங்க. தேங்காயோட நிறுத்திக்கலாங்ணா. கற்பூரத்த நாளைக்கு வீட்டுல காட்டிக்கலாம்."

"கற்பூரம் எல்லாம் நெருப்பில்லையடா" என்றன்.

சத்தியமாக அப்படித்தான் நினைச்சன். நெருப்பென்றால் அடுப்பு, சிகரெட், பார்பிக்யூ. கற்பூரத்தை நான் பிறந்த நாளில் இருந்து அந்தக் கணக்கில் சேர்த்ததில்லை. அது சாமி காரியம். கண்ணில் ஒத்திக்கொள்ளுற ஒன்று எப்படிப் புல்லை எரிக்கும், வயலை எரிக்கும்? மண்டையில் அவ்வளவுதான் ஓடினது. பழக்கம் மனுசனைக் குருடாக்கும் என்று சும்மா சொல்லேல்லை.

கொளுத்திக் கல்லின்ர தலையில் வைச்சன். கண்ணை மூடி மகளின்ர பெயரைத்தான் சொன்னன். கண்ணைத் திறக்கக் கல்லில் கற்பூரம் இல்லை. காற்றுத் தட்டிவிட்டுது. கீழே புல்லு பற்றி எரியுது.

ஒரு பாயளவு. பிறகு இரண்டு பாயளவு. நான் சப்பாத்துக் காலால் மிதிச்சன், செந்தில் லொறியில் இருந்த தண்ணிக் கானைக் கொண்டு ஓடிவந்தான். அவன் ஊத்த ஊத்த மற்றப் பக்கம் பற்றுது. வேலிக்கு அங்கால் ஒரு பண்ணை, வைக்கோல் உருளைகள் வரிசையாக அடுக்கியிருக்கு. என்ர வாழ்க்கையில் படகுக்குப் பிறகு அப்படிப் பயந்தது அன்றைக்குத்தான்.

நல்லகாலம், அந்தப் பண்ணைக்காரி புகையைக் கண்டுவிட்டா. அறுபது வயசிருக்கும். பின்னால் தண்ணித்தாங்கி வைச்ச பிக்கப்பில் வந்து, குழாயை எடுத்து, மூன்று நிமிசத்தில் அணைச்சுப்போட்டா. அணைச்ச பிறகு சக்கரத்தில் சாய்ந்து நின்றா. எங்களை ஏசேல்லை. "இந்தக் கிழமை இது மூன்றாவது" என்று மட்டும் சொன்னா. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிறகுதான் பொலிஸ் வந்தது.

திறக்காத வாய்

"யார் கொளுத்தினது?"

எனக்குப் பதில் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லு. வாயைத் திறக்கத்தான் போனன். அந்த நேரத்தில் கண்ணுக்குள் வந்தது வசந்தியின்ர முகமும், ஈமெயிலில் இருந்த அரசாங்க முத்திரையும்.

"நாந்தானுங்க" என்றான் செந்தில். பதற்றத்தில் முதலில் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னான்.

நான் அவனைப் பார்த்தன். அவன் என்னைப் பார்க்கேல்லை. பொலிஸ்காரன் என்ர லைசென்ஸைத் திருப்பித் தந்துவிட்டு, அவன்ர லைசென்ஸைப் பார்த்து எழுதத் தொடங்கினான். அபராதச் சீட்டு. நான் இரண்டு எட்டுத் தள்ளிப்போய் நின்றன். யாரும் தள்ளிப்போகச் சொல்லேல்லை. என்ர கால்தான் போனது.

சிட்னி வரைக்கும் அவன்தான் ஓட்டினான். பிக்டன் தாண்டினம். பிறகு நான், "ஏனடா அப்படிச் சொன்னனி?" என்று கேட்டன்.

"உங்க பாப்பாவுக்கு பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடி பாத்ததுன்னு சொன்னீங்கள்ல. எனக்கு என்னங்ணா, பைனோட போயிரும். விடுங்க."

பைனோடு போகேல்லை. பொலிஸ் கொம்பனிக்கும் அறிவிச்சிருந்தது; அடுத்தநாள் காலையில் அவனை யார்ட்டுக்கு வரச்சொன்னாங்கள். கொம்பனி வண்டியில் போய்த் தீ வைச்ச டிரைவரை வைச்சிருக்க ஏலாது என்று மனேஜர் முடிச்சுவிட்டான். நான் கதவுக்கு வெளியில் நின்றன். உள்ளே போய், "அவனில்லை, நான்" என்று சொல்லக் கதவு பூட்டிக்கூட இருக்கேல்லை. விசா வரட்டும், வந்த கையோடு சொல்லுவம் என்று எனக்கு நானே தவணை போட்டன். விசா வந்தது. நான் சொல்லேல்லை. அதற்குள் செந்தில் கொங்கிறீட் கலக்கிற லொறியில் சேர்ந்துவிட்டான். குவேக்கர்ஸ் ஹில் பக்கத்தில் புது வீடு கட்டுகிற தெருக்களுக்குள் இப்பவும் சுத்துறான். ஹைவேயில் ஓடினவன் நாள் முழுக்க ரவுண்ட்அபவுட் சுத்துறான்.

நான் சொல்லியிருந்தால் விசா போயிருக்குமா? பிறகு ஒரு லோயரிடம் வேறு யாருக்கோ நடந்த மாதிரிக் கேட்டன். அநேகமாக ஒன்றும் நடந்திராது என்றார். வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் படியில் இருந்தன்.

தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?

பொலிஸ்காரனுக்குப் பொய் சொன்னது செந்தில். வசந்திக்குச் சொன்னது நான். அன்று பின்னேரமே போன் எடுத்து நடந்ததைச் சொன்னன். அவ பதறிப்போய், "நீங்களோ கொளுத்தினது?" என்று கேட்டா. "இல்லை, செந்தில்" என்றன். அது அவ்வளவு லேசாக வந்தது.

அன்றில் இருந்து வசந்தியின்ர கணக்கில் செந்தில் தன்ர குடும்பத்தைக் கெடுக்கப் பார்த்த ஆள். அவவும் மகளும் சிட்னிக்கு வந்து இறங்கின நாளில், எயார்போர்ட்டுக்கு வானைக் கொண்டுவந்தவன் அவன்தான். பெட்டியெல்லாம் ஏத்தி இறக்கி, லிட்கமில் எங்கட வீட்டு மூன்றாம் மாடிக்குக் காவிக்கொண்டுவந்து வைச்சான். வசந்தி குசினி வாசலில் நின்றபடி, "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டா.

எங்கட ஆக்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவரிடம் குடிக்கிறீங்களோ என்று கேட்கிறதில்லை. கொண்டுவந்து கையில் கொடுக்கிறதுதான். கேட்டால் அதுக்கு வேறு அர்த்தம். நாமக்கல்லிலும் அது தெரிந்திருக்கு. "இல்லீங்க அக்கா, இன்னொரு நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிக் கதிரையில் இருந்து எழும்பினான்.

அந்த இன்னொரு நாள் வரேல்லை. பிள்ளையின்ர பிறந்தநாளுக்குச் சொல்லுவமோ என்று கேட்டன். "அந்த ஆள் வேண்டாம். நெருப்போட விளையாடுற ஆள்" என்றா. நான் தலையாட்டினன். பிறகு பிள்ளையின்ர சாமத்தியச் சடங்கு, பொங்கல். அவன் இல்லாத சாப்பாட்டு மேசையில் இருந்து, அவன் வாங்கித்தந்த சோத்தைத்தான் சாப்பிடுறன் என்று எனக்கு மட்டும் தெரியும். களைச்சுப்போச்சு. லொறி ஓடின எட்டு வருசமும் இப்படிக் களைக்கேல்லை.

மூன்று கிழமைக்கு முதல் அந்த வரி அச்சில் வந்த பிறகு செந்தில் போன் எடுத்தான். ஏசப்போறான் என்று நினைச்சன். அவன் சிரிக்கிறான்.

"நம்ம பேரெல்லாம் பத்திரிகையில வந்திருச்சுங்ணா. ஊருக்கு அனுப்புனேன். அம்மா படிச்சுட்டு வையுது. சாமி கும்பிட நேரங்காலம் இல்லையாடா, நல்ல வேலைய விட்டுட்டியேன்னு."

"அம்மாவுக்கும் நீ உண்மையைச் சொல்லேல்லையோ?"

"நான் சொல்லி அம்மா யாருகிட்டயாவது சொல்லி, அது சுத்தி அக்கா காதுக்கு வந்தா? எதுக்குங்ணா." பிறகு, "அந்தக் கல்லு இன்னும் அங்கதான் இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

"கிடக்கு" என்றன். கண்டு இரண்டு வருசம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்த இடத்தில் நான் நிற்கேல்லை. அதிலும் பொய்.

போனை வைச்சுவிட்டுக் கொப்பியை எடுத்தன்.

ஒற்றை விரலால்

இதுவரைக்கும் வசந்தி அடிச்சது. இதற்குக் கீழே உள்ளதை நான் ஒற்றை விரலால் தட்டுறன். பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை மத்தியானம் கொப்பியை மேசையில் வைச்சுவிட்டு பல்கனியில் போய் உடுப்பு மடிக்கத் தொடங்கினன். உள்ளே கீபோர்ட் சத்தம் கேட்டது. அவ கெதியாக அடிக்கிறவ. தொடங்கி ஐந்து நிமிசம் ஆகேல்லை, சத்தம் நின்றது. எந்த வரி என்று எனக்குத் தெரியும். நான் ஒரு சட்டையையே மூன்று தரம் மடிச்சன்.

கனநேரம் கழிச்சுத் திரும்பச் சத்தம் தொடங்கினது. மெதுவாக. முழுவதையும் அடிச்சு முடிக்கும்வரை அவ எழும்பேல்லை.

பிறகு பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு வந்தா. அழுதிருக்கிறா.

"நான் அந்த மனுசனுக்கு ஒரு தேத்தண்ணி குடுக்கேல்லை" என்றா. "என்னை இப்பிடி ஆக்கிப்போட்டீங்கள்."

"வசந்தி..."

"உங்களோட நான் இப்ப கதைக்கேல்லை. நம்பரைத் தாங்கோ."

"நான் எடுத்துச் சொல்லுறன். ஞாயிறு வரச்சொல்லி..."

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். நம்பரைத் தாங்கோ."

கொடுத்தன். அவ குசினிக்குள் போய் நின்றுகொண்டு எடுத்தா. நான் கதவுக்கு வெளியில் நின்றன். அந்த மனேஜரின்ர அறைக்கு வெளியில் நின்ற மாதிரியேதான்.

"தம்பி செந்தில், நான் வசந்தி அக்கா. நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வாங்கோ." வருவீங்களோ என்று கேட்கேல்லை. "ஆட்டிறைச்சி காய்ச்சுறன். பன்னிரண்டுக்கு வாங்கோ."

அங்கால் அவன் ஏதோ கேட்டான். வசந்தி திரும்பிக் கதவடியில் நின்ற என்னைப் பார்த்தா. பார்த்தபடியே அவனுக்குப் பதில் சொன்னா.

"இல்லைத் தம்பி. அவர் சொல்லேல்லை. நான் ரைப் அடிச்சனான்."